மிக அரிதாக நேரக்கூடியவை

1

மும்பையில் இருப்பவனைப் புலம்பெயர்ந்தவன் என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. கடவுச்சீட்டு கேட்காத தூரம் இது. ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்தால் வந்துவிடலாம். ஆனால் நாற்பத்தோரு ஆண்டுகளாக மாட்டுங்காவில் குடியிருக்கிறேன். காய்கறிக்கு மராத்தி, ரயிலுக்கு இந்தி, கல்லூரிக்கு ஆங்கிலம், வீட்டுக்குள் மட்டும் பாளையங்கோட்டைத் தமிழ் என்று வகுத்துக்கொண்டு வாழ்ந்தவன். வீட்டுக்குள் அந்தத் தமிழைப் பேச ஆள் இல்லாமல்போய், இந்த ஆவணியோடு ஓராண்டு நிறைந்தது. என் மனைவி சிவகாமியின் முதல் திவசம் அந்த மாதத்தில்.

தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, மருத்துவமனைகளின் ஒப்புதல் படிவங்களைத் தமிழாக்குவதை வேலையாக வைத்துக்கொண்டேன். அறுவை சிகிச்சைக்கு முன்னால் நோயாளியிடம் நீட்டி ஒப்பம் வாங்குவார்களே, அந்தக் காகிதம்தான். தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் வருகிற தமிழர்களுக்காக இங்கே சில மருத்துவமனைகள் தமிழ்ப் படிவம் வைத்திருக்கின்றன. இடையில் ஒரு முகவர் நிறுவனம் இருக்கிறது. அவர்கள் மூலத்தை எனக்கு அனுப்புவார்கள். நான் தமிழாக்கித் தருவேன். என் தமிழை மட்டும், மூலத்தைக் காட்டாமல், வேறொருவருக்கு அனுப்பி மீண்டும் ஆங்கிலமாக்கச் சொல்வார்கள். பிறகு இரண்டு ஆங்கிலங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவார்கள். நான் எதையாவது கூட்டியிருந்தாலோ குறைத்திருந்தாலோ அங்கே தெரிந்துவிடும். பதினோரு ஆண்டுகளில் என் படிவம் எதுவும் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு இது தேவைப்படுகிறது.

ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் ஒரு படிவம் வந்தது. தலைப்பை வாசித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பாலின உறுதிப்பாட்டுக்கான மார்பக அறுவை சிகிச்சை, திருநம்பியருக்கானது. ஆறு பக்கங்கள். ஐந்தாம் பக்கத்தில் இடர்கள்.

அன்று அதைத் தொடவில்லை. மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். என் பிள்ளை கதிர் ஒரு திருநம்பி.

2

ஊர் இதழில் இதை வாசிப்பவர்களில் சிலர் அந்தச் சொல்லுக்குப் புதியவர்களாக இருக்கலாம். பெண் என்று பதிவு செய்யப்பட்டுப் பிறந்து, தான் ஆண் என்று அறிந்து வாழ்பவர் திருநம்பி. ஆண் என்று பதிவு செய்யப்பட்டுப் பிறந்து பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. இருவரையும், இந்த இரண்டிலும் அடங்காதவர்களையும் சேர்த்துத் திருநர் என்கிறோம். பால் என்பது உடலைப் பார்த்து மருத்துவச்சி சொல்வது. பாலினம் என்பது ஒருவர் தன்னைப்பற்றித் தானே அறிந்து சொல்வது. முன்பு ‘பால்மாற்று அறுவை’ என்று எழுதினார்கள். ஒன்றை இன்னொன்றாக ஆக்குகிறார்கள் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. இப்போது ‘பாலின உறுதிப்பாடு’ என்கிறார்கள். ஏற்கெனவே இருப்பதற்கு உடல் இணங்கி வருகிறது என்பது இதன் கருத்து. இளவயதில் பாடநூலுக்கான கலைச்சொல் குழு ஒன்றில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். நல்ல கலைச்சொல் எது என்று எனக்குத் தெரியும். இவை நல்ல சொற்கள்.

எனக்கு முதலில் தெரிந்த சொல் இவற்றில் ஒன்றும் இல்லை. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் பூக்கடைக்கு அருகே ஒருவர் வருவார். சேலை கட்டியிருப்பார். பள்ளி விட்டு வரும் பையன்கள் அவரைப் பார்த்ததும் ஓர் எண்ணைச் சொல்லிக் கத்துவார்கள். எந்த எண் என்று ஊர்க்காரர்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. பதினொரு வயதில் ஒருநாள் நானும் கத்தினேன். மற்றவர்களை விட்டுவிட்டு அவர் என்னிடம் நேரே வந்தார்.

“நீ கணக்கு வாத்தியார் மவன்லா?” என்று கேட்டார். அவ்வளவுதான். அடிக்கவில்லை, வையவில்லை. நான் வீடுவரை ஓடினேன். அப்பாவிடம் சொல்லிவிடுவார் என்று ஒரு மாதம் பயந்துகொண்டிருந்தேன். அவர் சொல்லவில்லை. அவர் பெயர் என்ன என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

இன்று கதிர் செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு ரயிலில் வரும் ஒவ்வொரு முறையும், பிளாட்பாரத்தில் நிற்கும் பையன்களில் அன்று கத்திய என்னை மனத்துக்குள் தேடுகிறேன்.

3

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் கதிர் முதலில் தன் தாயிடம் சொன்னான். அடுப்படியில், அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டாளாம். பிறகு, “என்ன பேரு வச்சிக்கிடப் போற?” என்று மட்டும் கேட்டாளாம். இருவருமாகத் தேர்ந்தெடுத்த பெயர்தான் கதிர். பழைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை.

எனக்கு அன்று மாலை தெரிவிக்கப்பட்டது. கோபப்படவில்லை, படித்தவன் கோபப்படக் கூடாது என்று நினைத்தேன். அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். ஆராயத் தொடங்கினேன். அரசாணைகள், சட்டம், மருத்துவ நூல்கள் என்று தேடி ஒவ்வொரு சொல்லையும் ஒரு சிறு அட்டையில் எழுதினேன். ஆங்கிலம் மேலே, தமிழ் கீழே, ஐயங்கள் பின்பக்கம். செருப்புப் பெட்டி ஒன்று நிறைந்தது. ஆனால் எட்டு மாதங்கள் என் பிள்ளையைப் பெயர் சொல்லி ஒருமுறைகூட அழைக்கவில்லை. “சாப்பிட்டாச்சா?”, “கதவைத் தாழிட்டாச்சா?” என்று யாரையும் குறிக்காத வாக்கியங்களாகப் பேசினேன்.

சிவகாமி ஒருநாள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். “பேரு வச்சா கூப்பிடணும். நீங்க என்னன்னா பிள்ளைய இலை மாதிரி ஒட்டி வச்சி லத்தீன்ல பேரு எழுதிக்கிட்டு இருக்கிய” என்றாள்.

கதிர் செம்பூருக்கு, தேவ்நார் பக்கம் நண்பர்களோடு அறை எடுத்துப் போனான். பயிற்சி வகுப்பு ஒன்றில் கணிதம் சொல்லித் தருகிறான். எங்கள் இருவருக்கும் இடையே போனவை எல்லாம் சிவகாமி வழியாகவே போயின.

போன ஆண்டு ஆவணியில் அவளுக்குப் பித்தப்பைக் கல்லுக்கு அறுவை. சாதாரண அறுவை. ஆங்கிலத்தில் படிவம் கொண்டுவந்தார்கள். அவள் படுக்கையிலிருந்து, “என்ன போட்டிருக்கு?” என்று கேட்டாள். அந்த ஐந்து பக்கங்களும் எனக்கு மனப்பாடம். அதே மாதிரியான இருபது படிவங்களைத் தமிழாக்கியவன் நான். ஊர் பேர் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களுக்காக அந்த வரிகளை எடைபோட்டு எழுதியவன், அவளிடம், “எல்லாம் வழக்கமாப் போடுறதுதான்” என்றேன். அவள் ஒப்பமிட்டாள், சாட்சியாக நானும். இடர்களில் கடைசி வரியை நான் அவளுக்கு வாசிக்கவில்லை. ஆறாம் நாள் இரத்தத்தில் தொற்று. ஒன்பதாம் நாள் அவள் இல்லை.

மருத்துவர்கள் மீது எனக்குக் குறை இல்லை. படிவத்தில் இருந்ததுதான் நடந்தது.

4

படிவம் வந்த வியாழனுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதிர் வந்தான். கிங்ஸ் சர்க்கிளில் வாங்கிய வாழைக்காய் வறுவலைத் தட்டில் கொட்டினான். மேசையைப் பார்த்தான்.

“ஸ்டார்ட் பண்ணலையா?” என்றான்.

“எதை?”

“கவுத்து வெச்சிருக்கீங்களே, அதை.” சிறிது நேரம் வறுவலை நொறுக்கிக்கொண்டிருந்தான். “அதை உங்களுக்கு அனுப்பச் சொன்னதே நான்தான், அப்பா. அவங்ககிட்ட தமிழ் ஃபார்ம் கிடையாது. தாராவியில இருந்து வர்றவங்க இந்தி ஃபார்ம்ல அங்கூட்டா, கைநாட்டு வெச்சிட்டுப் போறாங்க. ஒண்ணும் புரியாம. எங்க அப்பா இதைத்தான் செய்யறார், உங்க ஏஜென்சிகிட்ட அவர் பேரைச் சொல்லிக் கேளுங்கன்னு சொன்னேன். பஸ், அவ்வளவுதான்.”

“உனக்கு அந்த மருத்துவமனையில் என்ன வேலை?”

“எனக்கு டேட் கொடுத்திருக்காங்க. அம்மா திவசம் முடிஞ்சு நாலாம் நாள்.”

வறுவல் தட்டைச் சற்று தள்ளி வைத்தேன். வெளியில் மாட்டுங்கா மார்க்கெட்டின் இரைச்சல் அப்படியே இருந்தது.

“போன்ல சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“அம்மா இருந்தா அம்மாகிட்ட சொல்லிட்டுப் போயிருப்பேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. காகிதமா வந்தா நீங்க படிப்பீங்க.”

அவனுடைய சான்றிதழ் விவரத்தையும் அன்றுதான் சொன்னான். கலெக்டர் அலுவலகத்தில் முதலில் தருகிற சான்றிதழ் ஒருவரைத் திருநர் என்று மட்டுமே சொல்லும். அறுவை முடிந்து, மருத்துவமனை எழுதிக் கொடுத்த பிறகு வருகிற இரண்டாவது காகிதம்தான் ஆண் என்று சொல்லும். முதல் காகிதத்துக்காக வரிசையில் நின்ற அன்று எழுத்தர் நாற்காலியிலிருந்தே, “த்ருதீயபந்தீ வாலா கோன் ஹை?” என்று கூவினாராம். மூன்றாம் வழியைச் சேர்ந்தவர் யார் என்று கேட்டிருக்கிறார்; திருநரை மராத்தியில் அப்படிச் சொல்வார்கள். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்ததாம்.

“நீ என்ன செய்தாய்?”

“கையைத் தூக்கினேன். வேற என்ன பண்றது? இல்லேன்னா டோக்கன் போயிடும்.” சிரித்தான். சிரிக்கும்போது சிவகாமியின் கன்னம்.

புறப்படும் முன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான். “கூட ஒருத்தர் இருக்கணும். ஃப்ரெண்ட்ஸ் வருவாங்க. ஆனா சொந்தக்காரங்க யாராவது சாட்சி சைன் போட்டா நல்லதுன்னு சொல்றாங்க. வருவீங்களா?”

“பார்ப்போம்” என்றேன்.

“அம்மா ‘பாப்போம்’னா சரின்னு அர்த்தம்” என்றான் கதிர். “நீங்க சொன்னா என்னன்னு எனக்குத் தெரியும். டென்ஷன் எடுக்காதீங்க. நான் பார்த்துக்கறேன்.”

லிஃப்ட் இல்லாத கட்டடம். மூன்று மாடிக் காலடிச் சத்தத்தையும் கதவருகே நின்று கேட்டேன்.

5

எதற்காகப் பயந்தேன் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். அவன் ஆணாக வாழ்வதற்காக இல்லை. அந்தப் பயம் எனக்கு ஒருகாலத்தில் இருந்தது, இப்போது இல்லை. நான் பயந்தது மருத்துவமனையின் அந்த நடைவழிக்கு. பச்சைத் திரைக்கு. “வெளியே இருங்க” என்று சொல்கிற குரலுக்கு. ஒப்பமிட்ட அதே கையால் இன்னொரு முறை ஒப்பமிடுவதற்கு. போகாமல் இருந்தால் பிள்ளை இனி என்னிடம் எதையும் கேட்க மாட்டான் என்பதும் தெரிந்திருந்தது. போனால் அவனை அங்கே விட்டுவிட்டுத் திரும்பி வருவேனோ என்று தோன்றியது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து தமிழாக்கத் தொடங்கினேன்.

நான்கு நாட்களில் முடித்தேன். வழக்கப்படி செல்லத்தாய்க்கு வாசித்துக் காட்டினேன். செல்லத்தாய் தாராவியில் வீட்டிலேயே இட்லி அவித்து, காலை ஏழு மணிக்கு எங்கள் கட்டடத்துக்குக் கொண்டுவருபவள். சங்கரன்கோவில் பக்கம். எழுதப் படிக்கத் தெரியாது. படிக்காத ஒருவருக்கு வாசித்துக் காட்டிப் புரிகிறதா என்று குறிப்பெழுத வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. என் படிவங்களுக்கெல்லாம் முதல் செவி அவளுடையது.

“இன்னைக்கு எந்தச் சீக்கு, அண்ணாச்சி? போன தடவ மூலம். அதுக்கு முன்ன சக்கர” என்று பாத்திரத்தை இறக்கி வைத்துப் படியில் உட்கார்ந்தாள்.

“இது சீக்கு இல்லை.”

“சீக்கு இல்லாமலா ஆப்பரேசன் பண்ணுதான்?”

விளக்கினேன். ‘பாலின அடையாளம்’ என்ற இடத்தில் என்னை நிறுத்தினாள். “வெளங்கிச்சு, வெளங்கிச்சு. எங்க கல்லிச் சந்துல மேரியக்கா இருக்குல்லா. முன்ன வேற பேரு. இப்பம் தண்ணிக் கொழாயில சண்டைன்னா அதுதான் முன்னால நிக்கும். அது இல்லன்னா எங்க கல்லிக்கு ஒரு கொடம் தண்ணி வராது.”

“நீங்கள் அவரை என்னவென்று சொல்வீர்கள்?”

“மேரியக்கான்னுதான். பின்ன என்ன சொல்லணும்?”

“மற்றவர்கள்?”

“முன்னால ஒரு பய வாயத் தொறக்க மாட்டான். பின்னால சொல்லுவானுவ. பின்னால எல்லாரையுந்தான சொல்லுதானுவ. ஒங்களையே எங்க வீட்டுல இட்லிய எண்ணி வாங்குத புரொபசருன்னுதான் சொல்லுதோம்.”

ஐந்தாம் பக்கத்தை வாசித்தேன். பாதியில் கையை நீட்டித் தடுத்தாள். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

“நிறுத்துங்க அண்ணாச்சி. இதக் கேட்டா மேரியக்காவே எந்திரிச்சி ஓடிரும். ஆப்பரேசனுக்குக் கூப்புடுதீயளா, சுடுகாட்டுக்குக் கூப்புடுதீயளா?”

அவள் போன பிறகு குறிப்பேட்டில் எழுதினேன்: ‘கேட்டவர் முழுவதும் புரிந்துகொண்டார். இடர்ப் பகுதியில் சிறிது அச்சம் தெரிவித்தார்; இயல்பே.’ இயல்பே என்று எழுதியவன் முனைவர் பட்டம் பெற்றவன். பொதியைக் கட்டி அனுப்பினேன்.

அன்றிரவு அக்கா தொலைபேசியில் அழைத்தாள். என் ஒரே அக்கா, பாளையங்கோட்டையில் இருக்கிறாள்.

“ஏல தம்பி, திவசத்துக்கு நான் பொறப்பட்டு வரட்டா?”

“வேண்டாம்க்கா. மழைக்காலம். இங்க ரயிலெல்லாம் நிறுத்திருதான்.”

“ஒன் மவ வாராளா? தாய்க்கு ஒரு வெளக்காச்சும் ஏத்த வேண்டாமா?”

“பிள்ளை வரும்க்கா” என்றேன். மூன்று ஆண்டுகளாக அக்காவிடம் அந்தச் சொல்லின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

“அது என்னல எப்பப் பாத்தாலும் பிள்ள, பிள்ளன்னு. பேரச் சொன்னா வாயி வெந்துருமா?” என்றாள். நான் மழையைப் பற்றிப் பேசினேன்.

6

எட்டாம் நாள் படிவம் திரும்பி வந்தது.

மூன்று இடங்களில் சிவப்பு. மூலத்தில் ‘தொற்று ஏற்படலாம்’ என்று இருந்த இடத்தில், என் தமிழ் திரும்ப ஆங்கிலமானபோது ‘தொற்று ஏற்படும்’ என்று இருந்தது. மூலத்தின் கடைசி இடர், ‘மிக அரிதாக, உயிரிழப்பு’. என் படிவத்திலிருந்து திரும்பியது, ‘சில வேளைகளில் உயிரிழப்பு’. மூன்றாவதைப் பார்த்தபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். ‘நீங்கள் எந்த நேரத்திலும் இதை வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம்’ என்ற வரி மூலத்தில் ஒருமுறை, இறுதிப் பக்கத்தில், இருக்கிறது. என் படிவத்தில் அது இரண்டு முறை இருந்தது. உயிரிழப்புக்கு அடுத்த வரியாக நானே ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். எழுதியது நினைவில் இல்லை. கைப்பிரதியை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான்.

அன்று மாலை ஒரு தொலைபேசி அழைப்பு. லலிதா அம்மாள். செம்பூரில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என் படிவங்களைத் திரும்ப ஆங்கிலமாக்குகிறவர் அவர்தான் என்பது எனக்கும், தமிழாக்குகிறவன் நான் என்பது அவருக்கும் எப்படியோ பல ஆண்டுகளாகத் தெரியும். மாட்டுங்காவில் இத்தகைய ரகசியங்கள் தங்குவதில்லை. ஆனால் நாங்கள் வேலையைப்பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. விதி அப்படி.

“பேசப்படாதுன்னு தெரியும் சார். முடிச்சுக் குடுத்துட்டேன், ரிப்போர்ட்டும் உங்களுக்கு வந்திருக்கும். அதனால தப்பில்லைன்னு நெனைச்சுண்டு பேசறேன்.”

“சொல்லுங்கள்.”

“ஒரிஜினல் எங்கிட்ட கெடையாது. ஆனா பத்து வருஷமா உங்க தமிழைத் திருப்பிப் போடறேன். அஞ்சாவது பக்கம் உங்க தமிழ் மாதிரியே இல்லை. யாரோ பக்கத்துல நின்னுண்டு, போகாதே போகாதேன்னு கையைப் பிடிச்சு இழுக்கறாப்பல இருந்தது.”

ஐந்தாம் பக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“மாமி தவறிப்போய் ஒரு வருஷம் ஆகப்போறதோன்னோ?” என்றார். பிறகு தயங்கி, “தெரிஞ்சவா யாருக்காவது ஆபரேஷனா சார்?” என்றார்.

மூன்று ஆண்டுகளாக இந்த நகரத்தில் யாருக்கும் சொல்லாததை அந்தக் கேள்விக்குச் சொன்னேன். “என் மகனுக்கு” என்றேன்.

உங்களுக்கு ஒரு பெண்தானே என்று அவர் கேட்டிருக்கலாம். சிவகாமி துக்கத்துக்கு வந்தவர், கதிரைப் பார்த்தவர். அதைக் கேட்கவில்லை. “கொழந்தை நன்னா இருப்பான்” என்றார். “நீங்க முதல்ல அந்தப் பக்கத்தைச் சரி பண்ணுங்கோ. அதை இன்னும் எத்தனையோ பேர் படிக்கப்போறா.”

அதுதான் என்னை அடித்தது. என் பிள்ளையை நிறுத்துவதற்காகத் தாராவியின் பிள்ளைகள் அத்தனை பேர் கையிலும் பொய்யான ஒரு காகிதத்தைக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன். சிவகாமியிடம் ஒரு வரியை மறைத்தேன். இவனிடம் அதே வரியைப் பெருக்கினேன். இரண்டும் என் பயம் செய்தவை. இரண்டு முறையும் படிவத்தில் இருந்ததை உள்ளபடி சொல்லவில்லை.

‘ஏற்படலாம்’ என்று திருத்தினேன். ‘மிக அரிதாக’ என்று எழுதினேன். சேர்த்த வரியை அடித்தேன். செல்லத்தாயைப்பற்றிய குறிப்பையும் மாற்றினேன்: ‘கேட்டவர் பிழையைச் சுட்டிக்காட்டினார். தமிழாக்கியவர் கவனிக்கவில்லை.’ பிறகு கதிரை அழைத்தேன்.

“எத்தனை மணிக்கு வர வேண்டும்?”

மறுமுனையில் கரும்பலகையில் எழுதும் சத்தம் நின்றது. வகுப்பில் இருந்தான் போலிருக்கிறது. “ஏழரைக்கு” என்றான். “காலையில. சாப்பிட்டுட்டு வாங்க. அங்க கேன்டீன் பேகார், வாயில வைக்க முடியாது.”

7

திவசத்தன்று கதிர் விடியற்காலையே மார்க்கெட்டில் மல்லிகை வாங்கிக்கொண்டு வந்தான். படத்துக்கு முன்னால் இலை போட்டோம். உடைப்பதற்காக நான் கையில் எடுத்த தேங்காயை அவனிடம் நீட்டினேன். எங்கள் வீட்டு வழக்கத்தில் அது மகன் செய்வது. அவன் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டான். இரண்டாம் அடியில் உடைந்தது. தண்ணீர் என் வேட்டியில் தெறித்தது.

சாப்பிடும்போது சொன்னேன். “ஊரில் ஓர் இதழுக்கு அவ்வப்போது குறிப்புகள் எழுதுகிறேன் அல்லவா. இந்த ஆண்டு நடந்ததை எழுதலாமா?”

“அத்தை படிக்கற மேகசின்தானே?”

“அதேதான்.”

அவன் ரசத்தைக் கலந்துகொண்டே இருந்தான். “போன்ல சொல்லிடலாமே.”

“தெரியவில்லை” என்றேன். “காகிதமாக வந்தால் அவளும் படிப்பாள்.”

முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு சிரித்தான். புரையேறும்வரை சிரித்தான். தண்ணீர் கொடுத்தேன்.

“உன் பெயரை வேறு பெயராக மாற்றி எழுதுகிறேன்” என்றேன்.

“வேணாம்ப்பா. எத்தனை ஆபீஸ் சுத்தி வாங்கின பேரு. மாத்தாதீங்க.”

எனவே மாற்றவில்லை. அக்கா, உனக்கு ஒன்று மட்டும். மார்க்கெட்டில் பூக்கடைப் பக்கம் வருவாரே, அவர் என்னை ஒரு கேள்வி கேட்டார். உன்னிடம்கூட அதை நான் சொன்னதில்லை. ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு இவ்வளவு காலம் ஆனது. நீ அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று நம்புகிறேன். அவன் பெயர் கதிர்.

8

நான்காம் நாள் காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். வேறு மருத்துவமனை, ஆனால் அதே வாசனை. அதே நிறத்தில் தரை. இரண்டாம் மாடியில், சிவகாமியை உள்ளே கொண்டுபோன கதவைப் போலவே ஒரு கதவு. அதற்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். கதிரின் நண்பர்கள் இருவர் இருந்தார்கள். எனக்குத் தேநீர் வாங்கி வந்தார்கள். குடிக்க முடியவில்லை. கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மலையாளச் செவிலி ஒருவர் கோப்போடு வந்தார். “ஃபார்ம் எந்த மொழி? இங்கிலீஷ், இந்தி, மராத்தி... தமிழும் வந்திட்டுண்டு, புதுசு.”

“தமிழ்” என்றான் கதிர்.

நான் அவனைப் பார்த்தேன். அவனுக்குத் தமிழ் படிக்க வராது என்றே சொல்லலாம். மாட்டுங்கா பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும் இந்தியும்தான். சிவகாமி ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்துக் கூட்டச் சொல்லித் தந்தாள். கடைப் பலகைகள் வரை வந்து நின்றுவிட்டது.

“நீங்க வாசிங்க” என்றான். “எல்லாத்தையும். ஒண்ணும் விடாம.”

அவன் நீல அங்கி அணிந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நான் அருகில் ஸ்டூலில். முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். என் வாக்கியங்களை என் வாயால் கேட்டேன். திருநம்பி என்ற சொல்லை அவனுக்கு முன்னால் உரக்கச் சொன்னது அதுவே முதல் முறை. அது எளிதாகவே வந்தது. இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். நான்காம் பக்கத்தில் செவிலி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினேன். இரத்தக்கசிவு ஏற்படலாம். தொற்று ஏற்படலாம். மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தழும்பு தடிக்கலாம். உணர்ச்சி குறையலாம்.

அடுத்த வரிக்கு வந்தேன். எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. குரல் வரவில்லை. வரியின் தொடக்கத்திலிருந்து மீண்டும் முயன்றேன். வரவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு நடைவழியில் ஒரு மனிதர் தரை துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதிர் குனிந்து தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். விரலை வரியின்மேல் வைத்தான். அவன் தாய் வைக்கச் சொல்லித் தந்த மாதிரி.

“மி...க...” என்றான். “மிக. அ... ரி... தா... க.” விரல் நகர்ந்தது. “உ...யி...ரி... உயிரிழ...” அங்கே நின்றான். அந்தச் சொல் அவனுக்குத் தெரியாமல் இல்லை. சொல்லி முடித்தான். அறையில் எதுவும் நடந்துவிடவில்லை.

“அரிதாகன்னா ரேர்தானே அப்பா?”

“ஆமாம்.”

“அதுக்கு முன்னால மிக-ன்னு வேற போட்டிருக்கீங்க. நீங்களா சேர்த்தீங்களா?”

“இல்லை” என்றேன். “மூலத்திலேயே இருக்கிறது.”

அவன் ஒப்பமிட்டுப் பேனாவை என்னிடம் கொடுத்தான்.